கொமுகி வழக்கும் பதினைந்து டிகிரியும்

எங்கள் சங்கத்தின் மீது எனக்குச் சினம் ஏதும் இல்லை என்பதை முதற்கண் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். கீழே வருவன யாவும் நடந்தவை, நடந்த வரிசையிலேயே தரப்பட்டுள்ளன, தேதிகள் சரிபார்க்கப்பட்டவை. தேதிகளைப் பற்றித் தனியே குறிப்பிடக் காரணம் உண்டு. அது உரிய இடத்தில் வரும்.

கிழக்கு நிப்போன் சட்ட, நிதி மொழிபெயர்ப்பாளர் மேம்பாட்டுச் சங்கம், தோக்கியோவின் கன்டாப் பகுதியில் ஒரு பல் மருத்துவமனைக்கு மேலே, நான்காம் மாடியில் இயங்குகிறது. கீழ்த்தளத்தில் வாயைத் திறந்தபடியும் மேல்தளத்தில் வாயை மூடியபடியும் மக்கள் பேசாமல் அமர்ந்திருப்பார்கள். இயக்குநர்கள் பதின்மூவர். அவர்கள் ஒருவரையொருவர் 'சென்செய்' என்று, அதாவது ஆசான் என்று, அழைத்துக்கொள்வார்கள். நாங்களும் அவர்களை அப்படியே அழைக்க வேண்டும்; எங்களை அவர்கள் 'சான்' என்ற சாதாரண மரியாதைச் சொல்லோடு அழைப்பார்கள்.

நான், மினெகிஷி சயோகோ, இருபத்தாறு ஆண்டுகளாக நிறுவன இணைப்பு ஒப்பந்தங்கள், பங்கு வெளியீட்டு அறிக்கைகள், திவால் மனுக்கள் ஆகியவற்றை மொழிபெயர்த்து வருகிறேன். என் பதிவு எண் 0217. இந்தக் காலத்தில் எனக்கென ஒரு சொற்பட்டியலைத் தொகுத்துக்கொண்டேன். அதில் ஆறாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு சொற்கள். ஒவ்வொன்றுக்கும் பொருள், எடுத்துக்காட்டு வாக்கியம், எந்தச் சட்டம், எந்தத் தீர்ப்பு, எந்தத் தேதி, எந்தப் பக்கம் என்பன எழுதப்பட்டிருக்கும்.

மூன்று ஆண்டுகளுக்கு முன், சங்கச் செயலர் நுமாதா தொலைபேசியில் அழைத்தார்.

"மினெகிஷி-சான், தலைவர் சென்செய் உங்க பட்டியலைப் பத்திக் கேள்விப்பட்டாராம். ஒரே ஒரு நாள் பார்த்துட்டுத் திருப்பிக் கொடுத்துடுறோம். சும்மா பார்வைக்குத்தான்."

"அதெல்லாம் பார்க்கிற மாதிரி இருக்காதுங்களே. என் சொந்த உபயோகத்துக்கு எழுதினது."

"அட, என்னங்க! எவ்வளவு அடக்கம் உங்களுக்கு!"

மறுத்துவிட்டேன் என்று நான் நினைத்ததை அவர் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார். அதற்குமேல் மறுப்பது மரியாதை ஆகாது என்பதால், அரிசி அப்பளப் பெட்டி ஒன்றை வாங்கி, அதனோடு பட்டியலையும் கொண்டுபோய்க் கொடுத்துவந்தேன். மூன்று மாதம் கழித்து அப்பளத்துக்கு நன்றிக் கடிதம் வந்தது. பட்டியல் திரும்பி வரவில்லை. அதற்கு அடுத்த மாதம் 'சங்கச் சொற்களஞ்சியம், முதல் பதிப்பு' வெளியாயிற்று. முதற்பக்கத்தில் தலைவர் கட்சுராகி அவர்களின் படம் இருந்தது. கடைசிப் பக்கத்தில் 'மறைந்த, மறையாத முன்னோடிகள் பலருக்கு நன்றி' என்று ஒரு வரி. அதில் நான் எந்தப் பிரிவில் சேர்க்கப்பட்டிருக்கிறேன் என்று தெரியவில்லை.

நேரில் சென்று விசாரித்தேன். நுமாதா ஒரு காகிதக் கோப்பையில் பச்சைத் தேநீர் ஊற்றி வைத்தார்.

"போர்டுல அறிவிப்பு ஒட்டியிருந்தோமே. ஆட்சேபணை இருந்தா பதினாலு நாளுக்குள்ள சொல்லணும்னு."

"எந்த போர்டுங்க?"

"அதோ, நகல் மிஷினுக்குப் பின்னாடி."

நகல் இயந்திரத்திற்கும் சுவருக்கும் நடுவே ஒரு கை நுழையும் இடைவெளி இருந்தது. நான் கையை நுழைத்தேன். தாள் தட்டுப்பட்டது.

"நீங்க ஒண்ணும் சொல்லல. அதனால சம்மதம்னு எடுத்துக்கிட்டோம். கோச்சுக்காதீங்க மினெகிஷி-சான், விதி அப்படி."

அந்த ஆண்டே புதிய விதிகளும் வந்தன. பதிவைப் புதுப்பிக்க வேண்டுமானால், ஒவ்வோர் உறுப்பினரும் ஆண்டுக்கு முப்பது மேம்பாட்டுப் புள்ளிகள் ஈட்ட வேண்டும். அதன்பின் சங்கச் சொற்களஞ்சியத்தின் மீது ஒரு தேர்வு எழுத வேண்டும். தேர்ச்சிக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றாறு. பதிவு இல்லாதவர் மொழிபெயர்த்த ஆவணங்களைப் பெரிய சட்ட நிறுவனங்கள் ஏற்க மாட்டா.

பயிற்சிக்கு விண்ணப்பித்தேன். என் விண்ணப்பம் திருப்பி அனுப்பப்பட்டது. காரணம் புரியாமல் நான்காம் மாடிக்கு ஏறினேன். நுமாதா மேசை இழுப்பறையிலிருந்து ஒரு கோணமானியை எடுத்து, நான் கையெழுத்துக்குப் பதிலாகப் பதித்த பெயர் முத்திரையின் மேல் வைத்தார். பள்ளிப் பிள்ளைகள் வடிவியல் பாடத்தில் பயன்படுத்தும் அதே அரைவட்டக் கோணமானி.

"பாருங்க, உங்க முத்திரை நேரா நிக்குது."

"முத்திரைன்னா நேராத்தானே வைக்கணும்?"

"பக்கத்துல இருக்கிற கட்டம் தலைவரோடது. அவரு முத்திரையும் நேரா நிக்கும், உங்களதும் நேரா நின்னா, ரெண்டு பேரும் சமம்னு ஆயிடாதா? உங்க முத்திரை இடது பக்கமா, அவரைப் பார்த்துக் குனியணும். பதினஞ்சு டிகிரி. இது பதினொண்ணு இருந்தாக்கூட நான் கண்டுக்க மாட்டேன்னு நினைக்காதீங்க. போன வாரம் பதினாலுக்கே திருப்பி அனுப்பினேன்."

வங்கிகளில் அப்படி ஒரு வழக்கம் உண்டு என்று அறிவேன். கோணமானியை அன்றுதான் பார்த்தேன். வீட்டுக்குச் சென்று, நான்கு தாள்களில் முத்திரையைக் குனியப் பழக்கினேன்.

பயிற்சிகளைப் பற்றி நீட்டி எழுதி வாசகர்களின் பொறுமையைச் சோதிக்க விரும்பவில்லை. 'தேடல் பெட்டியில் தட்டச்சு செய்தல்' என்பதற்கு இரண்டு புள்ளிகள். 'தேடியது கிடைக்காதபோது மேற்கொள்ள வேண்டிய மனநிலை' என்பதற்கு மூன்று. 'எந்தப் பயிற்சியைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கான பயிற்சி'க்கு ஒரு புள்ளி. ஆனால் அதை முடிக்காதவர்கள் வேறு எந்தப் பயிற்சிக்கும் விண்ணப்பிக்க முடியாது, அதற்கும் விண்ணப்பிக்க முடியாது. இந்தச் சிக்கலைத் தீர்க்க ஒரு துணைக்குழு அமைக்கப்பட்டு, அதில் உட்கார்ந்தவர்களுக்குத் தலா ஐந்து புள்ளிகள் கொடுத்தார்கள். ஒரு வகுப்பில் நான் எழுதிய எடுத்துக்காட்டு வாக்கியத்தையே படித்துக் காட்டிய பயிற்றுநர், "இந்த வாக்கியத்தோட நுணுக்கம் உங்கள்ல யாருக்கும் புரியாது, அதனால மனப்பாடம் பண்ணிக்குங்க" என்றார். மனப்பாடம் செய்துகொண்டேன். எனக்கு அது எளிதாக இருந்தது.

இனி, கொமுகியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பதினோரு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு பதிப்பகம் என் திவால்சட்டச் சொற்களை எழுத்துப்பிழையோடு அப்படியே எடுத்து வெளியிட்டது. எடுத்தது என்னிடமிருந்துதான் என்று என்னால் நிறுவ முடியவில்லை. அன்றிலிருந்து, தொகுப்பாளர்கள் பலர் செய்வதைப்போல, நானும் பட்டியலுக்குள் ஒரு பொய்யை வைத்தேன். யாராவது அதை எடுத்தால், எடுத்தது என்னிடமிருந்துதான் என்பதற்கு அதுவே சாட்சி. நான் வைத்த பொய் இது:

'முன்தேதி மௌன ஒப்படைப்பு: ஒருவர் வாய் திறவாமல் இருப்பதன் வழியாக, தம்மிடம் இல்லாத உரிமையை, அதைக் கேட்காத இன்னொருவருக்கு, முன்தேதியிட்டு வழங்கிவிட்டதாகக் கருதப்படும் நிலை. காண்க: கொமுகி வழக்கு, ஷோவா 58, பிப்ரவரி 30.'

அப்படி ஒரு சொல் எந்தச் சட்டத்திலும் இல்லை. அப்படி ஒரு தேதி எந்த நாட்காட்டியிலும் இல்லை. கொமுகி என் பூனை. அந்தப் பதிவைத் தட்டச்சு செய்தபோது விசைப்பலகையின் மேல் படுத்திருந்த குட்டி. எச்சரிக்கைக்காக முழுப் பட்டியலையும் அச்சிட்டு, நோட்டரி அலுவலகத்தில் தேதி முத்திரை பெற்று வைத்தேன். அந்தத் தேதி ஜூன் 12. அது நாட்காட்டியில் உண்டு.

சங்கச் சொற்களஞ்சியத்தில் இந்தப் பதிவு மூன்றுமுறை சரிபார்க்கப்பட்டதாகப் பின்னர் அறிந்தேன். பேரரசர் ஆட்சிக் கணக்கில் வரும் ஷோவா 58 என்பது 1983தானா என்று ஆண்டு மாற்ற அட்டவணையை வைத்து மூவர் தனித்தனியே கணக்கிட்டு, சரி என்று முத்திரை வைத்திருக்கிறார்கள். ஆண்டு சரிதான். அதற்கு மேல் பார்ப்பது மேலே முத்திரை வைத்தவரைச் சந்தேகிப்பதாகும். ஆகவே பன்னிரண்டு முத்திரைகள் இடப்பக்கம் குனிந்திருந்தன. ஒன்று நேராக நின்றது.

தேர்வுத் தாளின் பதினேழாம் கேள்வி, ஐந்து மதிப்பெண்கள்: 'முன்தேதி மௌன ஒப்படைப்பை, கொமுகி வழக்கின் வெளிச்சத்தில் விளக்குக.'

 நான், 'இப்படி ஒரு சட்டச்சொல் இல்லை' என்று எழுதினேன். இருபத்தாறு ஆண்டுகளாக, இல்லாததை உண்டென்று நான் எந்தத் தாளிலும் எழுதியதில்லை. பூனையின் பொருட்டும் எழுத மனம் வரவில்லை.

தொண்ணூற்றைந்து மதிப்பெண்கள் பெற்றேன். பதினேழாம் விடையின் ஓரத்தில் சிவப்பு மையால், 'வாசிப்பு போதாது' என்று எழுதப்பட்டிருந்தது.

அடுத்த வாரமே வழக்கறிஞர் தோமிசாவா தொலைபேசியில் அழைத்தார். பத்தொன்பது ஆண்டுகளாக அவருடைய நிறுவனத்தின் ஆவணங்கள் அனைத்தும் என் கையால்தான் ஆங்கிலத்துக்குப் போயின. என் வேலையில் பெரும்பகுதி அதுவே.

"மினெகிஷி-சான், எப்படிச் சொல்றதுன்னே தெரியல. பட்டியல்ல உங்க எண் இல்லைன்னு எங்க ஆளுங்க சொல்றாங்க. மார்ச் முப்பத்தொண்ணு வரைக்கும் என்னால இழுத்துப் பிடிக்க முடியும். அதுக்குள்ள திரும்ப வந்துடுமா?"

"முயற்சி பண்றேங்க. உங்களுக்குத் தொந்தரவு கொடுத்துட்டேன், மன்னிக்கணும்."

"நீங்க ஏங்க மன்னிப்புக் கேக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டு, அவரும் மன்னிப்புக் கேட்டார்.

என் கல்லூரித் தோழனும் வரித்துறை மொழிபெயர்ப்பாளனுமான இசோபேயை, ரயில் நிலையத்துக்கு வெளியே நின்றபடி சாப்பிடும் நூடுல்ஸ் கடையில் சந்தித்தேன்.

"நீ பதினேழாம் கேள்விக்கு என்ன எழுதினே?"

அவன் கிண்ணத்திலிருந்து முகத்தைத் தூக்கவில்லை. "ரெண்டு பக்கம் எழுதினேன்."

"எதைப் பத்தி?"

"கொமுகியோட மௌனம் வாதி தரப்புல எப்படி செல்லுபடியாகுதுன்னு. அஞ்சுக்கு அஞ்சு."

"இசோபே, நான் ஒசாகா போனப்போ அந்தப் பூனைக்கு ஒரு வாரம் சோறு போட்டவன் நீ!"

"போட்டேன்தான். அதுக்காக? தலைவர் சென்செய் அது வழக்குன்னு சொல்றாரு. பூனைன்னு எழுதினா எனக்கு யாரு நம்பர் கொடுப்பா, உன் பூனையா கொடுக்கும்?" வெங்காயத் தாளை உறிஞ்சிக்கொண்டே சொன்னான். "நேர்மையா இருக்கிறதுல தப்பில்ல சயோகோ. வேலை நேரத்துல மட்டும் வச்சுக்காதே."

மேல்முறையீடு செய்தேன். முத்திரையைப் பதினைந்து டிகிரி சாய்த்து வைத்தேன். தலைவர் கட்சுராகி அவர்கள் தாமே நேரில் விசாரிக்க இசைந்தார்கள். எழுபத்தொரு வயது, நெடிய உருவம், பேசும்போது கண்களை மேற்கூரையில் நிறுத்திக்கொள்வார். உண்மையைச் சொல்லிவிடுவது என்ற முடிவோடு, நோட்டரி முத்திரை பெற்ற அச்சுத்தாள் கட்டையும் பையில் எடுத்துக்கொண்டுதான் போனேன். அவர் என்னைப் பேச விடவில்லை.

"சொல்லே இல்லைன்னு எழுதியிருக்கீங்க. தைரியம்தான். ஆனா பாருங்க மினெகிஷி-சான், தனக்குத் தெரியாததெல்லாம் இல்லைன்னு ஒவ்வொருத்தரும் சொல்ல ஆரம்பிச்சா, அப்புறம் சங்கம் எதுக்கு? தெரியாததை இருக்குன்னு ஒத்துக்கிறதுக்குத்தான் சங்கம்." நுமாதா அதைக் குறித்துக்கொண்டார். "கொமுகி வழக்கு நடந்தப்போ நான் இளம் மொழிபெயர்ப்பாளன்தான். நீதிமன்றத்துல கடைசி வரிசையில உட்கார்ந்திருந்தேன். வெளியில பனி கொட்டுது. அந்தக் கொமுகி இருக்காரே, தீர்ப்பு வாசிக்கிறப்போ ஒரு வார்த்தை பேசணுமே! கண்ணை மூடிக்கிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தாரு. அன்னைக்குத்தான் மௌனம்னா என்னன்னு எனக்குப் புரிஞ்சுது."

கண்ணை மூடிக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருப்பது கொமுகியின் இயல்புதான். அதில் அவர் பிழையாக ஒன்றும் சொல்லவில்லை.

"பிற்காலத்துல ரெண்டு தடவை அவர்கூடச் சேர்ந்து சாப்பிட்டிருக்கேன். மீன்னா அவருக்கு உயிர்."

இந்தத் தகவலும் சரியாகவே இருந்தது.

பைக்குள் இருந்த என் கை, கட்டின் மேல் ஒரு கணம் நின்றது. அந்தச் சிறிய அறையில், ஒரே ஒரு செயலரின் முன்னிலையில் இதை எடுத்து வைத்தால் என்ன ஆகும் என்று எண்ணினேன். தேநீர் வரும். வருத்தம் தெரிவிப்பார்கள். ஒரு துணைக்குழு அமையும். இரண்டாம் பதிப்பில் கொமுகி மட்டும் மறைந்துபோவாள். மற்ற ஆறாயிரத்து நானூற்றுப் பதினொன்றும் அவர் படத்துக்குப் பின்னாலேயே கிடக்கும்.

கையை வெளியே எடுத்தேன். எழுந்து நின்று, இடுப்புவரை குனிந்தேன்.

"சென்செய், என் அறியாமைக்கு மன்னிக்கணும். இப்படிப்பட்ட ஒரு வழக்கை நேர்ல பார்த்தவங்க நம்ம சங்கத்துல இருக்கிறது எவ்வளவு பேருக்குத் தெரியும்? இதைப் பத்திக் கொஞ்சம் விரிவா எழுதினா, என்னை மாதிரி மந்தபுத்திக்காரங்களுக்கு உதவியா இருக்கும்."

தலைவர் மேற்கூரையிலிருந்து கண்களை இறக்கினார். "எழுதலாம்" என்றார்.

அதன்பின் நான் செய்ததெல்லாம் மாதம் ஒரு பணிவான கடிதம் எழுதியது மட்டுமே. அக்டோபரில், 'கொமுகி வாய் திறக்காதது தானாகவா, அறிவுரையின் பேரிலா என்று அறிய ஆவல்' என்று எழுதினேன். சங்க இதழில் தலைவர் பதினெட்டுப் பக்கம் எழுதினார். நவம்பரில், 'மௌனம் எழுத்துமூலமாக அளிக்கப்பட வேண்டுமா?' என்று கேட்டேன். இயக்குநர்கள் இரண்டு அணிகளாகப் பிரிந்தனர். மௌனம் எழுத்தில் இருந்தாலொழியச் செல்லாது என்றார் துணைத்தலைவர். வாய்மொழி மௌனமே போதும் என்றது எதிரணி. இரு தரப்பும் ஆண்டிறுதி விருந்தில் அருகருகே அமர மறுத்து, ஒருவர் கோப்பையில் மற்றவர் மது ஊற்றுவதையும் நிறுத்தினர். டிசம்பரில் 'மாதிரி மௌனப் படிவம்' வெளியிடப்பட்டது. அது முத்திரைக்கான கட்டம் மட்டும் உள்ள வெற்றுத்தாள். ஜனவரியில், வழக்கு நடந்தபோது தாமும் அருகில் இருந்ததாக மேலும் நான்கு இயக்குநர்களுக்கு நினைவு வந்தது. ஒருவர், பனி அல்ல மழை என்றார். அவர் இயக்குநர் குழுவின் அடுத்த கூட்டத்தில் பனி என்று திருத்திக்கொண்டார்.

"நீ எழுதுற கடிதத்தையெல்லாம் நுமாதா கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்காராமே" என்றான் இசோபே. "என்னதான்டி பண்றே?"

"படிக்கிறேன். வாசிப்பு போதாதுன்னு சொன்னாங்கல்ல."

இறுதியாக நான் கேட்டது ஒன்றுதான்: இவ்வளவு பெரிய விஷயத்தை வெளியாரும் அறிய வேண்டாமா? மார்ச் பதினெட்டாம் தேதி, சங்கத்தின் முப்பதாம் ஆண்டுக் கருத்தரங்கு, 'கொமுகி வழக்கு: நாற்பது ஆண்டுகள்' என்ற தலைப்பில் ஏற்பாடாயிற்று. வங்கிகள், சட்ட நிறுவனங்கள், இரண்டு பல்கலைக்கழகங்கள், தொழில்முறை நாளேடு ஒன்று ஆகியவற்றிலிருந்து ஐந்நூறு பேர் அழைக்கப்பட்டனர். அரங்கின் மூன்றாம் வரிசையில் வழக்கறிஞர் தோமிசாவா அமர்ந்திருந்தார். பதிவு இழந்தவள் என்பதால் எனக்கு இருக்கை இல்லை. தேநீர் ஊற்றும் பணி தரப்பட்டது. அதற்கு அரைப் புள்ளி உண்டு என்று நுமாதா ஆறுதல் கூறினார்.

தலைவர் ஒரு மணி நேரம் பேசினார். திரையில் சொல்லும் பொருளும் வழக்கும் தேதியும், கீழே பதின்மூன்று முத்திரைகளும், ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கப்பட்டு ஒளிர்ந்தன. பனியைப் பற்றிச் சொன்னபோது அவர் குரல் கம்மியது. முன்வரிசையில் ஒருவர் கைக்குட்டையை எடுத்தார்.

பேச்சு முடிந்ததும், யாரேனும் கேள்வி கேட்கலாம் என்று நுமாதா அறிவித்தார். எங்கள் ஊர்க் கருத்தரங்குகளில் அதன்பின் ஐந்து நிமிடம் எவரும் வாய் திறவாமல் மேசையைப் பார்த்துக்கொண்டிருப்பது வழக்கம். அந்த ஐந்து நிமிடத்தில், கையில் தேநீர்க் கெண்டியோடு நான் ஒலிவாங்கியின் அருகே சென்றேன்.

"தேநீர் ஊத்த வந்தவ கேக்கிறதுக்கு மன்னிக்கணும். தீர்ப்பு வந்த நாள் என்ன கிழமைன்னு சென்செய்க்கு ஞாபகம் இருக்குங்களா?"

"நல்லா ஞாபகம் இருக்கு. புதன்கிழமை." தலைவர் புன்னகைத்தார். "மறுநாள் வியாழன், மார்ச் ஒண்ணு. நிதியாண்டோட கடைசி மாசம் தொடங்குது. எல்லாரும் ஓட்டமும் நடையுமா இருந்தோம். அதெல்லாம் மறக்கிற நாளா?"

"ரொம்ப நன்றிங்க. பின்வரிசையில இருக்கிறவங்களுக்குத் திரை சரியாத் தெரியலைன்னு சொன்னாங்க. அந்தத் தேதியை மட்டும் ஒரு தடவை சத்தமா வாசிக்க முடியுங்களா?"

தலைவர் திரும்பித் திரையைப் பார்த்தார். நல்ல குரல் அவருக்கு.

"ஷோவா ஐம்பத்தெட்டு. பிப்ரவரி முப்பது."

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பின்வரிசையில் ஒரு வங்கி அதிகாரி தன் விரல் முட்டிகளைத் தொட்டுத் தொட்டு மாதங்களை எண்ணத் தொடங்கினார். அவர் அருகில் இருந்தவரும் எண்ணினார். தவணைத் தேதிகளையும் முதிர்வுத் தேதிகளையும் எண்ணியே வாழ்க்கை நடத்தும் ஐந்நூறு பேர் அந்த அரங்கில் இருந்தார்கள்.

"ஆண்டு மாற்றம் மூணு தடவை சரிபார்த்தது!" என்று நுமாதா கூவினார்.

துணைத்தலைவர் எழுந்தார். "பழைய சந்திர நாட்காட்டிப்படி ரெண்டாம் மாசத்துக்கு முப்பது நாள் வர்றதுண்டு."

"அதைக் கைவிட்டு நூறு வருஷத்துக்கு மேல ஆகுது சென்செய்," என்றார் பேராசிரியர் ஒருவர், மிகுந்த மரியாதையுடன்.

"அப்போ... அச்சுப்பிழை," என்றார் தலைவர். அவர் கண்கள் மேற்கூரையில் இடம் தேடின. "தேதி மட்டும்தான் தப்பு. வழக்கு உண்மை. கொமுகியை நான் நேர்ல..."

"கொமுகி என் பூனைங்க," என்றேன். "மீன் விஷயத்துல சென்செய் சொன்னது ரொம்பச் சரி."

தேநீர்க் கெண்டியைக் கீழே வைத்துவிட்டு, பையிலிருந்து நோட்டரிக் கட்டை எடுத்து, இரு கைகளாலும், முகவரி அட்டை நீட்டுவதைப்போல, மூன்றாம் வரிசையில் இருந்த தோமிசாவாவிடம் நீட்டினேன். அவர் முதல் பக்கத்தைப் புரட்டினார். நூறாம் பக்கத்தைப் புரட்டினார். என் எழுத்துப்பிழைகள் உட்பட அனைத்தும் சங்கச் சொற்களஞ்சியத்தில் அவர் பார்த்தவையே.

அவர் சிரித்தார். வழக்கறிஞர் தோமிசாவா சிரித்து நான் கேட்டதில்லை. அது முதலில் தும்மல் என்றே நினைத்தேன். அதற்குப் பிறகு அரங்கில் யாரையும் யாராலும் அடக்க முடியவில்லை. நாளேட்டுக்காரர் மட்டும் சிரிக்காமல் எழுதிக்கொண்டிருந்தார்.

அன்று நான் வேறு எதுவும் பேசவில்லை. விதிப்புத்தகத்தின் பதினான்காம் விதியை மட்டும் நினைவூட்டினேன்; அது தலைவர் அவர்களே இயற்றியது: 'விடைக்குறிப்பு பிழையென அறியப்பட்டால், விதிவிலக்கின்றி அனைவர் தாள்களும் மறுபடி திருத்தப்பட வேண்டும்.' நாளேட்டில் செய்தி வந்துவிட்டபடியால் வேறு வழியும் இருக்கவில்லை.

பதினேழாம் கேள்விக்குச் சரியான விடை ஒன்றே: இப்படி ஒரு சட்டச்சொல் இல்லை. அதை எழுதிய தாளும் ஒன்றே. எனக்கு நூறு ஆயிற்று. கொமுகி வழக்கை விளக்கி எழுதியவர்கள் அனைவருக்கும் அந்தக் கேள்விக்குச் சுழியம்; அவர்கள் பெறக்கூடிய உச்சமே தொண்ணூற்றைந்துதான். தேர்ச்சிக்குத் தொண்ணூற்றாறு. நானூற்றுப் பதினெட்டு உறுப்பினர்கள் ஒரே நாளில் பதிவு இழந்தார்கள். முன்மாதிரியாக இருக்கும் பொருட்டுத் தாங்களும் தேர்வெழுதி, தாங்களே வகுத்த கேள்விகளுக்கு நூற்றுக்கு நூறு பெற்றிருந்த பதின்மூன்று இயக்குநர்களும் அதில் அடக்கம்.

மார்ச் இருபத்தொன்பதாம் தேதி, அதாவது தோமிசாவா குறித்த கெடுவுக்கு இரண்டு நாள் முன்பு, 0217 மறுபடியும் பட்டியலில் ஏறியது. பட்டியலில் வேறு எண் எதுவும் இல்லாததால் கண்டுபிடிக்க எளிதாக இருந்தது.

மறுபதிவு விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் குழுவில் பதிவு பெற்ற உறுப்பினர் மட்டுமே இடம்பெறலாம் என்பது இன்னொரு விதி. ஆகவே, இப்போது நான்தான் குழு. வாரம் இருமுறை நான்காம் மாடிக்குச் செல்கிறேன். முதல் நாளே சொற்களஞ்சியத்தின் முதற்பக்கத்தில் படம் இருந்த இடத்தை வெறுமையாக்கி, கீழே 'தொகுத்தவர்: மினெகிஷி சயோகோ' என்று சேர்க்கச் சொன்னேன். ஆட்சேபணை இருந்தால் பதினான்கு நாளுக்குள் தெரிவிக்கலாம் என்ற அறிவிப்பை, நகல் இயந்திரத்துக்குப் பின்னால் ஒட்டச் சொன்னேன். ஆட்சேபணை வரவில்லை.

நுமாதா இப்போதும் காகிதக் கோப்பையில் தேநீர் தருகிறார். இரு கைகளால் தருகிறார்.

"மினெகிஷி சென்செய்," என்றார் ஒருநாள், மெல்ல. "அந்தக் கொமுகி மாதிரி... மத்த ஆறாயிரத்துச் சொச்சத்துல வேற ஏதாவது... இருக்குங்களா?"

நான் தேநீரைப் பருகினேன்.

"சொல்லுங்களேன். ராத்தூக்கம் போச்சு எங்களுக்கு."

நான் ஒன்றும் சொல்லவில்லை. அதை அவர்கள் விரும்பியபடி எடுத்துக்கொள்ளலாம்.

இசோபேயின் விண்ணப்பம் மே மாதம் வந்தது. கூடவே ஒரு பெட்டி உலர்மீன். 'வாதிக்கு' என்று எழுதியிருந்தான். மீனை வாதியிடம் சேர்ப்பித்தேன். விண்ணப்பத்தை, 'தேடியது கிடைக்காதபோது மேற்கொள்ள வேண்டிய மனநிலை' என்ற மூன்று புள்ளிப் பயிற்சியை முடித்துவிட்டு வரும்படி திருப்பி அனுப்பினேன்.

"அடிப் பாவி, நான் அதுக்குச் சோறு போட்டவன்!" என்று தொலைபேசியில் கத்தினான்.

"அதைத்தான் பதினேழாம் கேள்விக்கு நீ எழுதியிருக்கணும்," என்றேன்.

நேற்று, பெருமதிப்பிற்குரிய கட்சுராகி அவர்களின் விண்ணப்பம் கிடைத்தது. எல்லாக் கட்டங்களும் நிரப்பப்பட்டிருந்தன. கையெழுத்து மிக அழகு. குழுவின் கட்டத்தில் என் முத்திரை பதியவிருக்கும் வெற்றிடம். அதற்கு அடுத்த கட்டத்தில் அவருடைய முத்திரை. இத்தனை ஆண்டுகளாக நேராகவே நின்ற முத்திரை அது. இப்போது இடப்பக்கமாகச் சாய்ந்திருந்தது. அந்தச் சாய்வில் பழக்கமின்மை தெரிந்தது. எத்தனை தாள்களில் பழகினாரோ, பாவம்.

நெஞ்சு இளகியது என்பதை ஒப்புக்கொள்கிறேன். முத்திரைப் பெட்டியைத் திறந்து, சிவப்பு மையில் என் முத்திரையைத் தொட்டுக்கூட விட்டேன்.

பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்று, நுமாதாவின் இழுப்பறையைத் திறந்து கோணமானியை எடுத்தேன்.

பதினான்கு.

மிகுந்த வருத்தத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.